தொலைபேசிக் கம்பியும் திறவாத நிரலும்

கணிப்பொறி ஒன்று தொலைபேசிக் கம்பியின் வழியாக மற்றொரு கணிப்பொறியை அழைக்கும்போது எழும் ஓசையை இன்றைய மாணவர்களுள் பெரும்பாலோர் கேட்டிருக்கமாட்டார்கள். முதலில் எண்கள் ஒலிக்கும். பின்பு மறுமுனையிலிருந்து ஒரு நீண்ட சீழ்க்கை வரும். அதனைத் தொடர்ந்து இரு கருவிகளும் ஒன்றையொன்று அளந்துபார்க்கும் பேரிரைச்சல் எழும். முடிவில் அமைதி நிலவும். அமைதி தோன்றினால் இணைப்புக் கிடைத்துவிட்டது என்று பொருள். அமெரிக்காவில் பல இலட்சம் வீடுகளை இணையத்தோடு இவ்வாறு இணைத்துவைத்த ஏ.ஓ.எல். நிறுவனம், 2025 செப்டம்பர் 30ஆம் நாளோடு அச்சேவையை நிறுத்திக்கொண்டது. ஒரு தலைமுறையின் வாழ்வில் இடம்பெற்றிருந்த ஓசை இவ்வாறு வரலாற்றின் பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அவ்வரலாறு முழுவதையும் நான் இங்குக் கூறப்போவதில்லை. அதனுள் அடங்கிய ஒரு சிறு வழக்கை மட்டும் எடுத்துரைக்க விரும்புகிறேன். விலை கொடுத்து வாங்கிய மோடம், விண்டோஸ் இருக்கும் கணிப்பொறியில் பேசியது. அதே கணிப்பொறியில் லினக்ஸை ஏற்றியவுடன் ஊமையாயிற்று. அதனைப் பேசவைப்பதற்குப் பல நாட்டு இளைஞர்கள் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் உழைத்தனர். ஏன் இந்த நிலை ஏற்பட்டது? வாங்கியவனுக்கு உரியது கருவி மட்டுந்தானா, அதனை இயக்கும் அறிவும் அவனுக்கு உரியதா? இந்த வினா மோடத்தோடு முடிந்துவிடவில்லை. ஆகவேதான் அக்கதை இன்றும் கேட்கத்தக்கது என்று கருதுகிறேன்.

முதலில் மோடம் என்பது யாது என்று பார்ப்போம். தொலைபேசி மனிதக் குரலுக்காக அமைந்த கருவி. நொடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 வரை அதிரும் ஒலிகளையே அதன் கம்பி ஏற்றுச்செல்லும். கணிப்பொறியோ ஒன்று, சுழியம் என்னும் இரு குறிகளையன்றி வேறெதையும் அறியாது. அக்குறிகளை ஒலியாக்கிக் கம்பியில் ஏற்றவும், கம்பியில் வந்த ஒலியை மீண்டும் குறிகளாக்கித் தரவும் இடையில் ஒரு துபாஷி தேவை. அந்தத் துபாஷியே மோடம்.

அமெரிக்காவின் பெல் தொலைபேசி அமைப்பு 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பெல் 103’ என்னும் மோடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அழைக்கும் கருவி சுழியத்துக்கு 1,070 அதிர்வு உடைய ஒலியையும், ஒன்றுக்கு 1,270 அதிர்வு உடைய ஒலியையும் எழுப்பும். விடையளிக்கும் கருவி 2,025, 2,225 என்னும் ஒலிகளை எழுப்பும். ஒருவர் தாழ்ந்த குரலிலும் மற்றவர் உயர்ந்த குரலிலும் ஒரே நேரத்தில் பேசுவது போன்றது இது. குரல்கள் வேறாகையால் குழப்பம் இல்லை. வேகம் நொடிக்கு 300 பிட். அதாவது, நொடிக்குச் சுமார் முப்பது எழுத்து. மூவாயிரம் எழுத்துகள் கொண்ட ஒரு பக்கம் வந்து சேர நூறு நொடிகள் ஆகும்.

எளிய இக்கருவி பலருக்கும் பயன்படக் காரணமாக இருந்தவை சில நிகழ்ச்சிகள். 1960ஆம் ஆண்டில், கணிப்பொறிக்கும் மோடத்துக்கும் இடையிலுள்ள இணைப்பு எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதை ‘ஆர்.எஸ். 232’ என்னும் தர விதி வரையறுத்தது. 1968ஆம் ஆண்டில், ‘கார்ட்டர்போன்’ என்னும் கருவியைப் பற்றிய வழக்கில், பிறர் செய்த கருவிகளையும் தொலைபேசி வலையோடு இணைக்கலாம் என்று அமெரிக்கச் செய்தித்தொடர்பு ஆணையம் தீர்ப்பளித்தது. அதுவரை பெல் அமைப்பின் கருவிகளுக்கு மட்டுமே இருந்த உரிமை இவ்வாறு பொதுவாயிற்று. பின்பு 1981ஆம் ஆண்டில் ஹேய்ஸ் நிறுவனம் ‘ஸ்மார்ட்மோடம்’ என்பதைக் கொண்டுவந்தது. கணிப்பொறியே மோடத்துக்கு எழுத்தால் ஆணையிடும் முறையை அது பரப்பியது. ‘கவனி’ எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலிரண்டு எழுத்துகளான ஏ, டி என்பவற்றோடு ஒவ்வோர் ஆணையும் தொடங்கும். எண்ணைச் சுழற்று, அழைப்பை எடு, இணைப்பைத் துண்டி என எல்லாவற்றுக்கும் ஆணை உண்டு. மற்ற நிறுவனங்களும் அவ்வாணைகளையே பின்பற்றின.

இதன் பயனை மாணவர்கள் நன்கு மனத்திற் கொள்ளவேண்டும். இணைப்பின் வடிவமும் ஆணைகளும் யாவரும் அறிந்தவையாக இருந்தமையால், எந்த மோடத்தையும் எந்தக் கணிப்பொறியும் பயன்படுத்த முடிந்தது. புதிய இயங்குதளம் ஒன்றை ஒருவன் தன் வீட்டில் அமர்ந்து எழுதினாலும், மோடத்தைச் செய்தவரிடம் போய்க் கைகட்டி நிற்கவேண்டிய தேவை அவனுக்கு இல்லை.

உண்மையிலேயே அவ்வாறு ஒருவர் எழுதினார். 1991ஆம் ஆண்டில், பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ், தம் வீட்டிலிருந்த கணிப்பொறியிலிருந்து மோடத்தின் வழியாகப் பல்கலைக்கழகக் கணிப்பொறியை அடைய ஒரு நிரலை எழுதத் தொடங்கினார். அந்நிரல் வளர்ந்து வளர்ந்து ஓர் இயங்குதளமாகவே உருவெடுத்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் அதனைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். அவருடைய கணிப்பொறியில் மினிக்ஸ் என்னும் வேறோர் இயங்குதளமும் இருந்தது. ஒருநாள் மோடத்துக்கு அனுப்பவேண்டிய சுழற்றும் ஆணையைத் தவறுதலாக வட்டுக்கு அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த பகுதி அழிந்தது. அதனை மீண்டும் ஏற்றுவதை விடுத்துத் தம் படைப்பையே முழுமையாகப் பயன்படுத்துவது என அவர் முடிவு செய்தார். லினக்ஸ் பிறந்ததற்கும் தன் காலில் நின்றதற்கும் மோடம் இவ்வாறு துணைநின்றது. 1992ஆம் ஆண்டில் அதனை ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்தின்கீழ் அவர் வெளியிட்டார். மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் தரலாம். தரும்போது அதே உரிமையையும் சேர்த்துத் தரவேண்டும் என்பதே அவ்வுரிமத்தின் சாரம்.

மோடத்தால் பிறந்த லினக்ஸ், அதே பத்தாண்டின் முடிவில் மோடத்தோடு பேசமுடியாமல் தவித்ததுதான் வியப்பு. அதற்குக் காரணம் மோடத்தின் உள்ளே நிகழ்ந்த மாற்றம்.

மோடத்தின் வேகம் படிப்படியாக ஏறிற்று. 1984ஆம் ஆண்டின் வி.32 என்னும் தரம் நொடிக்கு 9,600 பிட் தந்தது. 1994இல் வந்த வி.34 முதலில் 28,800 பிட்டும் பின்பு 33,600 பிட்டும் தந்தது. 1998இல் வந்த வி.90 வீட்டை நோக்கி வரும் திசையில் 56,000 பிட் வரை தந்தது. கம்பி அதே பழைய கம்பிதான். வேகம் எவ்வாறு ஏறிற்று? கணிதத்தால் ஏறிற்று. ஒலியின் வலிமை, கட்டம் ஆகிய இரண்டையும் நுணுக்கமாக மாற்றி, ஒரே அசைவில் பல பிட்டுகளை அடக்கினர். இரு கருவிகளும் ஒரே அலைவரிசைப் பரப்பில் ஒரே நேரத்தில் பேசவேண்டியிருந்தமையால், தன் குரலின் எதிரொலியைக் கணக்கிட்டுக் கழித்து, எஞ்சியதைப் பிறர் குரலாகக் கொள்ளும் முறையைக் கையாண்டனர். இதற்கு நொடிதோறும் பல இலட்சக்கணக்கான பெருக்கல்களும் கூட்டல்களும் தேவைப்பட்டன.

ஆகவே அக்கால மோடத்துக்குள் மூன்று பகுதிகள் இருந்தன. கம்பியோடு நேரே தொடர்பு கொண்டு ஒலியை எண்ணாகவும் எண்ணை ஒலியாகவும் மாற்றுவது ஒன்று. மேற்கூறிய கணிதத்தைச் செய்யும் சில்லு மற்றொன்று. ஏ.டி. ஆணைகளைக் கேட்டு நடப்பதும், பிழைகளைத் திருத்துவதும், செய்தியைச் சுருக்குவதும் ஆகிய மேற்பார்வை வேலையைப் பார்க்கும் சில்லு மூன்றாவது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் வீட்டுக் கணிப்பொறிகளின் செயலி பெருவலிமை பெற்றது. பெரும்பொழுது அது வேலையின்றி வாளாவிருந்தது. “வேலையின்றி இருக்கும் செயலியே மோடத்தின் கணிதத்தையும் செய்யட்டுமே, தனிச் சில்லுக்கு ஏன் செலவிடவேண்டும்?” என்று உற்பத்தியாளர் எண்ணினர். இந்த எண்ணத்திலிருந்து இருவகை மோடங்கள் தோன்றின. மேற்பார்வைச் சில்லை மட்டும் நீக்கி அவ்வேலையைக் கணிப்பொறியிடம் ஒப்படைத்தது ஒரு வகை. கணிதச் சில்லையும் நீக்கிவிட்டது மற்றொரு வகை. இரண்டாம் வகை அட்டையில் எஞ்சியது கம்பியோடு இணையும் சிறு பகுதி மட்டுமே. மோடத்தின் உயிர், அட்டையோடு வந்த குறுந்தகட்டில் இயக்கி என்னும் மென்பொருளாக இருந்தது. யு.எஸ். ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தின் வணிகப் பெயராகிய ‘வின்மோடம்’ என்பது நாளடைவில் இவ்வகை மோடங்கள் அனைத்துக்கும் பொதுப்பெயராக வழங்கலாயிற்று.

இதனால் விலை குறைந்தது; அதில் ஐயமில்லை. இந்தியாவில் 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியபோது சென்னையும் அதில் இடம்பெற்றது. அடுத்த சில ஆண்டுகளில் நம் நடுத்தர வீடுகளிலும் கணிப்பொறி நுழைந்ததற்கு மலிவான மோடம் அட்டையும் ஒரு துணை என்பதை மறுக்க இயலாது. தீமை மலிவில் இல்லை. விண்டோசுக்கு மட்டும் இயக்கியை எழுதிய உற்பத்தியாளர் பலர், அட்டையை இயக்கும் முறையைப் பிறருக்குச் சொல்ல மறுத்ததே தீமை.

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் கூறிவிடுதல் முறை. முன்பு சில்லுக்குள் மறைந்திருந்த தொழில் நுணுக்கம் இப்போது மென்பொருளாகிவிட்டது. அதன் மூலநிரலை வெளியிட்டால் போட்டியாளர் படித்துவிடுவர் என்று அஞ்சினர். செய்தியைச் சுருக்கும் வி.42 பிஸ் போன்ற முறைகளில் பல நிறுவனங்களுக்குக் காப்புரிமை இருந்தது. தொலைபேசி வலையில் இணையும் கருவி ஒவ்வொரு நாட்டின் விதிக்கும் பொருந்தவேண்டும். நிரலை யாரேனும் திருத்திவிட்டால் அப்பொருத்தம் கெடலாம் என்றும் எண்ணினர். லினக்ஸைப் பயன்படுத்துவோர் அக்காலத்தில் மிகச் சிலர். அச்சிலருக்காகச் செலவிட வணிகர்களுக்கு மனம் வரவில்லை. இக்காரணங்கள் பொய்யல்ல. எனினும், அவற்றின் சுமை முழுவதும் வாங்கியவன் தலையிலேயே விழுந்தது.

அச்சுமையை நானும் சுமந்தவன். 2002ஆம் ஆண்டில் எங்கள் வீட்டுக் கணிப்பொறியில், ஒரு கணிப்பொறி இதழோடு இணைப்பாக வந்த குறுந்தகட்டிலிருந்து லினக்ஸை ஏற்றினேன். திரை வந்தது, சுட்டி நகர்ந்தது, பாட்டும் கேட்டது. மோடம் மட்டும் அசையவில்லை. மோடம் என்று ஒன்று இருப்பதையே லினக்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. கடைக்காரர் தந்த பெட்டியின் மேல் ஒரு பெயர் இருந்தது. அட்டையிலிருந்த சில்லின் பெயர் வேறு. இயக்கியைத் தேடுவதற்குச் சில்லின் பெயரே வேண்டும் என்பதை அறியவே இரண்டு நாள் ஆயிற்று. ‘எல்.எஸ்.பி.சி.ஐ.’ என்னும் ஆணையைத் தந்து, கணிப்பொறிக்குள் செருகிய அட்டைகளின் பட்டியலைப் பெற்று, அதிலிருந்து சில்லை இனங்கண்டேன்.

அடுத்து வந்தது விந்தையான இக்கட்டு. இணையத்தோடு இணைய இயக்கி வேண்டும். இயக்கியைப் பெற இணையம் வேண்டும். ஆகவே கடைத்தெருவிலிருந்த இணைய மையத்துக்குப் போய், மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து, இயக்கியை நெகிழ்வட்டில் எடுத்துவந்தேன். ஒரு வட்டில் 1.44 மெகாபைட்டுக்கு மேல் கொள்ளாது. ஒரு வட்டு கெட்டுப்போனதால் மறுநாளும் போகவேண்டியிருந்தது. கொண்டுவந்த இயக்கியோ லினக்ஸ் 2.4.7 என்னும் கெர்னலுக்காக ஆக்கப்பட்டது. என்னிடம் இருந்தது 2.4.18. கெர்னல் என்பது இயங்குதளத்தின் கருப்பகுதி. அதன் பதிப்பு மாறினால், முன் பதிப்புக்காகத் தொகுத்த இயக்கி பொருந்தாது. மூலநிரல் கையில் இருந்தால் புதிய கெர்னலுக்கேற்ப மீண்டும் தொகுத்துக்கொள்ளலாம். எனக்குக் கிடைத்த தொகுப்பிலோ மேலுறை மட்டும் மூலநிரலாக இருந்தது. உள்ளே இருந்த உயிர்ப்பகுதி, மனிதர் படிக்க இயலாத இயந்திரக் குறியீடாகவே இருந்தது. மேலுறையைத் தொகுத்து, உள்ளீட்டை அதனோடு சேர்த்துக் கட்டி, மூன்றாம் நாள் இரவு ஏற்றினேன். மோடம் உயிர்பெற்றது, ஆனால் “சுழற்றொலி இல்லை” என்று அறிவித்தது. எங்கள் ஊர்த் தொலைபேசி நிலையத்தின் சுழற்றொலி, மோடம் எதிர்பார்த்த ஒலியினின்று வேறுபட்டிருந்தது. அவ்வொலிக்காகக் காத்திராதே எனப் பொருள்படும் ‘ஏ.டி.எக்ஸ்.3’ என்னும் ஆணையைச் சேர்த்தேன். சீழ்க்கை எழுந்தது, இரைச்சல் எழுந்தது, அமைதி பிறந்தது. நொடிக்கு 44,000 பிட் என்று திரை காட்டியது. அன்று நான் அடைந்த மகிழ்ச்சி சிறிதன்று.

அம்மகிழ்ச்சி நான்கு திங்களே நீடித்தது. பாதுகாப்புக் குறையொன்றை நீக்கக் கெர்னலைப் புதுப்பித்தேன். மோடம் மீண்டும் ஊமையாயிற்று. கணிப்பொறி என்னுடையது, மோடம் என்னுடையது, லினக்ஸின் மூலநிரல் என் கண்முன் இருந்தது. இருந்தும், இடையில் இருந்த ஒரு சிறு முடிச்சை அவிழ்க்க எனக்கு உரிமை இல்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

என்னைப்போல் இடர்ப்பட்டவர் உலகெங்கும் இருந்தனர். அவர்களுக்கு வழிகாட்டத் தன்னார்வலர்கள் கூடினர். லினக்சும் மோடமும் கலந்த ‘லின்மோடம்’ என்னும் பெயர் அவர்கள் முயற்சிக்கு அமைந்தது. சில்லை இனங்காணும் சிறு நிரல்களை எழுதினர். எந்தச் சில்லுக்கு எந்த இயக்கி பொருந்தும் எனப் பட்டியலிட்டனர். புதியவர்களின் ஐயங்களுக்கு ஆண்டுக்கணக்கில் விடையளித்தனர். லூசென்ட் நிறுவனச் சில்லுக்கு, உள்ளீடு மூடியதாகவே ஓர் இயக்கி கிடைத்தது. அதனைப் பல கெர்னல் பதிப்புகளுக்கும் பொருந்தச்செய்யும் மேலுறையைத் தன்னார்வலர்களே எழுதிப் பேணினர். ஸ்மார்ட் லிங்க் நிறுவனத்தின் இயக்கியும் இதே அமைப்பை உடையது. அதன் கணிதப் பகுதி மூடியதாயினும், கெர்னலுக்கு வெளியே தனி நிரலாக இயங்கியது. பின்னர் லினக்ஸின் ஒலி இயக்கிகளே சில மோடங்களின் கம்பிப் பகுதியை ஆளத் தொடங்கியபோது, அத்தனி நிரல் அவற்றோடு இணைந்து வேலை செய்தது. மோடமும் ஒலிக் கருவியே என்ற உண்மை அவ்வாறு வெளிப்பட்டது. ஐ.பி.எம். நிறுவனம் தன் மடிக்கணினிகளிலிருந்த ‘எம்வேவ்’ மோடத்துக்கான இயக்கியைப் பொது உரிமத்தில் வெளியிட்டது; அது கெர்னலிலேயே இடம்பெற்றது.

வேறொரு முயற்சியும் குறிப்பிடத்தக்கது. பிரான்சு நாட்டு நிரலாளர் பாப்ரிஸ் பெல்லார்ட், மோடத்தின் கணிதம் முழுவதையும் திறந்த நிரலாகவே எழுத முனைந்தார். பிற்காலத்தில் பெயர்பெற்ற எப்.எப்.எம்பெக், கியூ.எமு ஆகியவற்றைத் தொடங்கியவரும் அவரே. வி.34 போன்ற தரங்கள் அச்சாகி வெளிவந்தவை. அவற்றைப் படித்து எவரும் எழுதலாம். ஆனால் ஒரு சில்லோடு எவ்வாறு பேசுவது என்பதை அதனைச் செய்தவர் மட்டுமே அறிவர். அம்முயற்சி முற்றுப்பெறவில்லை. எனினும், மென்பொருள் மோடம் என்னும் கருத்து மூடிய நிரலாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை என்று அது காட்டியது.

மூடிய இயக்கிகளால் லினக்ஸை எழுதுவோருக்கும் தொல்லை நேர்ந்தது. கணிப்பொறி திடீரென நின்றுபோனால், குற்றம் கெர்னலிலா, உள்ளே புகுந்த மூடிய இயக்கியிலா என்று காண இயலவில்லை. ஆகவே 2001ஆம் ஆண்டில் ஓர் ஏற்பாடு வந்தது. ஒவ்வோர் இயக்கியும் தன் உரிமத்தைத் தானே அறிவிக்கவேண்டும். மூடிய இயக்கி நுழைந்தால் கெர்னல் ‘கறைபட்டது’ என்று குறித்துக்கொள்ளும். 2004ஆம் ஆண்டில், மோடம் இயக்கி வெளியிட்ட ஒரு நிறுவனம் இதில் ஒரு தந்திரம் செய்தது. உரிமத்தை அறிவிக்கும் சொற்றொடரில் ‘ஜி.பி.எல்.’ என்பதையடுத்துச் சுழியக் குறியொன்றை வைத்து, அதற்குப் பின் ‘இன்ன கோப்புகளுக்கு மட்டும்’ என்னும் வரம்பை எழுதியது. சுழியக் குறியைக் கண்டவுடன் சொற்றொடர் முடிந்ததாகக் கெர்னல் கொள்ளும். ஆகவே இயக்கி முழுவதும் பொது உரிமத்தில் இருப்பதாக நம்பியது. இது வெளிப்பட்டவுடன் கடுங்கண்டனம் எழுந்தது. எச்சரிக்கைச் செய்தி மீண்டும் மீண்டும் தோன்றிப் பயனாளரைக் குழப்பியதால் அவ்வாறு செய்ததாக நிறுவனத்தார் விளக்கம் தந்தனர். அதே வெளியீட்டாளரின் இயக்கியை விலையின்றிப் பெற்றவர்களுக்கு நொடிக்கு 14,400 பிட் வேகமே கிடைத்தது. முழு வேகத்துக்குத் தனி விலை தரவேண்டும். முன்னரே விலை கொடுத்து வாங்கிய அட்டைக்கு மறுபடியும் விலை!

மூடிய நிரலுக்கு வேறொரு குறையும் உண்டு. அது மூப்படையும். 32 பிட் கணிப்பொறிகளுக்காகத் தொகுத்த மூடிய உள்ளீடுகளை, 64 பிட் கணிப்பொறிகள் பரவியபோது புதிதாகத் தொகுத்துத் தர ஆளில்லை. சில நிறுவனங்கள் மறைந்தன. சில, மோடத் தொழிலையே விட்டன. திறந்த நிரலாயின் ஒரு மாணவன் ஓர் இரவில் சரிசெய்யக்கூடிய மாற்றத்தைச் செய்ய எவராலும் இயலவில்லை. நல்ல நிலையில் இருந்த அட்டைகள் பல இவ்வாறு குப்பைக்குச் சென்றன.

இதற்கிடையே தொலைபேசிக் கம்பியின் வேறொரு பயன் வந்துவிட்டது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். நிறுவனம் அகன்ற அலைவரிசை இணையச் சேவையைத் தொடங்கியது. அதற்குரிய பெட்டி, ஈத்தர்நெட் என்னும் பொதுத் தரத்தின் வழியாகக் கணிப்பொறியோடு இணைந்தது. லினக்ஸ் அதனோடு உடனே பேசிற்று. தனி இயக்கி எதுவும் வேண்டியதில்லை. இதைவிடச் சுவையானது, உலகெங்கும் வீடுகளில் வைக்கப்பட்ட அத்தகைய பெட்டிகள் பலவற்றுள் இயங்கியதே லினக்ஸ்தான். மோடத்தோடு பேசமுடியாமல் நின்ற லினக்ஸ், மோடத்துக்குள்ளேயே குடியேறிவிட்டது!

ஆகவே, மென்பொருள் மோடம் என்னும் கருத்தே தவறு என்று யாரும் கொள்ளவேண்டா. தனிச் சில்லின் வேலையை மென்பொருளிடம் ஒப்படைப்பது அறிவுடைய செயலே. இன்று வானொலிக் கருவிகளிலும் அது நிகழ்கிறது. வேலை கண்ணுக்குத் தெரியும் பொருளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நிரலுக்கு மாறும்போது, அந்நிரலைப் பற்றிய அறிவு யாரிடம் இருக்கிறது என்பதே கேட்கவேண்டிய கேள்வி. நாம் வாங்கும் பேசியையும் ஊர்தியையும் பற்றி நீங்களும் நாளை அக்கேள்வியைக் கேட்க நேரும்.

என் பழைய அட்டை இன்னும் ஒரு பெட்டியில் கிடக்கிறது. அதில் ஒரு பழுதும் இல்லை. அதனை இயக்குவாரும் இல்லை. அதன் அருகிலேயே, சீரியல் துறையில் இணைக்கும் வெளிமோடம் ஒன்றும் இருக்கிறது. அது அட்டையை விட வயதில் மூத்தது. சில திங்களுக்கு முன் ஒரு மாற்றுக் கம்பியால் அதனை என் புதிய லினக்ஸ் கணிப்பொறியோடு இணைத்து, ஏ, டி என்னும் இரண்டு எழுத்துகளை அனுப்பினேன். உடனே “ஓ.கே.” என்று விடை வந்தது. செல்பேசி வலைக்கான மோடங்களும் அதே எழுத்துகளுக்கு இன்றும் விடையளிக்கின்றன. 1981ஆம் ஆண்டில் பரவத் தொடங்கிய ஆணைகளை யாவரும் அறிந்துகொள்ள முடிந்தது. அதனாலேயே அவை இன்றும் வாழ்கின்றன.